வளர வளர அன்பை எப்படிக் காட்டுவது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 23 வயது, வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறாள். மகனுக்கு 15. அவனுக்கு 11 வயதிருக்கும்போது ஒரு நாள் சாலையைக் கடக்கையில் வழக்கம்போல் அவன் கையைப் பிடித்தேன். அவன் உதறவில்லை. என் விரல்களை மெதுவாக, ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத் தன் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். என் மனம் நோகக் கூடாது என்றுதான் அவ்வளவு மெதுவாகச் செய்தான் என்பது புரிந்தது. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மற்ற பெற்றோரிடமும் பேசினேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் எனக்கு நானே கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே கேள்விகளாக எழுதியிருக்கிறேன். பெற்றவருக்குள் பாசம் இருப்பது ஒன்று, அது பிள்ளைக்குப் போய்ச் சேர்வது வேறொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நான் பல வருடங்கள் நினைத்திருந்தேன்.

கைக்குழந்தையை எந்நேரமும் தூக்கி வைத்திருந்தால் கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகாது. இந்தப் பயம் எங்கிருந்தோ தானாக முளைத்ததில்லை. ஒரு காலத்தில் அறிவியலின் பெயராலேயே பெற்றோருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928இல், குழந்தைகளைக் கட்டி அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள் என்று எழுதினார். தவிர்க்க முடியாவிட்டால் இரவில் நெற்றியில் ஒரு முத்தம், காலையில் ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தாய்மார்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்த எண்ணத்தை உடைத்தவர்களில் ஒருவர் ஹாரி ஹார்லோ என்ற அமெரிக்க உளவியலாளர். தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு அவர் இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பியால் ஆனது, பால் புட்டி அதில் இருந்தது. இன்னொன்றுக்கு மெத்தென்ற துணி போர்த்தியிருந்தது, ஆனால் பால் கிடையாது. குட்டிகள் பசித்தபோது மட்டும் கம்பித் தாயிடம் போயின. மற்ற நேரமெல்லாம் துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன. பயமுறுத்தினால் ஓடியதும் அதனிடம்தான். 1958இல் அவர் இதை வெளியிட்டார். அந்தக் குட்டிகள் பட்ட பாடு கொடுமையானது, இன்று அப்படியொரு சோதனைக்கு எளிதில் அனுமதி கிடைக்காது. ஆனால் பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயிடம் ஒட்டுகிறது என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர் செய்ததும் எனக்குப் பிடித்த செய்தி. குறைமாதக் குழந்தைகளுக்குப் போதுமான இன்குபேட்டர்கள் இல்லை. அதனால் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்துத் துணியால் சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு முறை என்று இன்று உலகெங்கும் அதைச் சொல்கிறார்கள், உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள சிசுவுக்கு நல்லது செய்யும் அணைப்பு உங்கள் குழந்தையைக் கெடுத்துவிடாது. தைரியமாகத் தூக்குங்கள்.

பேசத் தெரியாத குழந்தைக்கு நம் அன்பு எப்படிப் புரியும்?

தோல் வழியாகவும் குரல் வழியாகவும் முகத்தின் வழியாகவும் புரியும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். கையில் ஏந்திக் குனிந்தால் உங்கள் முகம் சரியாக அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. தாயின் குரலோ கருவிலேயே கேட்டுப் பழகியது.

நம் தோலில் மென்மையான வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாகத் தடவினால்தான் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். பெற்றோர் குழந்தையைத் தடவும் வேகத்தை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் கை அந்த வேகத்தில்தான் போயிருக்கிறது. இதைப் படித்த அன்று என் கையை நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எட்வர்ட் ட்ரானிக் என்ற ஆய்வாளர் 1970களில், குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த தாய்மார்களைச் சில நிமிடம் மட்டும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பயனில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, சில குழந்தைகள் அழுதேவிடுகின்றன. போனைப் பார்த்தபடி பாலூட்டும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. குழந்தை கூப்பிட்டால் முகம் திரும்ப வேண்டும், அது போதும்.

நான் கண்ணில் படாவிட்டாலே அழுகிறான். நான்தான் அப்படிப் பழக்கிவிட்டேனா?

இல்லை. ஏறக்குறைய எட்டாவது மாதத்திலிருந்து பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் இருக்கும். நீங்கள் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதன் அடையாளம் அது. மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடம் பிரித்துவைத்துக் கவனித்தபோது, தாய் போகும்போது அழுததைவிட அவள் திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார். தாயிடம் ஓடிவந்து ஆறுதலடைந்து, மறுபடி விளையாடப் போகும் குழந்தைக்கு அவள்மேல் உறுதியான நம்பிக்கை இருக்கிறது.

அதனால் சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள்.

பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளை எதை அன்பு என்று எடுத்துக்கொள்ளும்?

காது கொடுத்துக் கேட்பதை. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளியிலிருந்து வந்ததும் வகுப்பில் இரண்டு தோழிகளுக்குள் நடந்த சண்டையைச் சொல்லத் தொடங்கினாள். யாரோ யாருடைய பென்சில் பெட்டியையோ ஒளித்துவைத்துவிட்டார்கள். நான் துணி மடித்தபடி ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தேன். கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் அவள் அங்கே இல்லை. எப்போது நிறுத்தினாள், எப்போது எழுந்து போனாள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டி கிடைத்ததா என்பதும் இன்றுவரை தெரியாது. அவளிடம் பிறகு கேட்டபோது ‘ஒன்றுமில்லை’ என்றாள்.

இந்த வயதில் பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரிவதுதான் பிள்ளைக்கு உலகம். அதன் பாத்திரங்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் நீங்களாக ‘அந்தச் சண்டை தீர்ந்ததா?’ என்று கேட்டால் அவள் முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள். நான் சொன்னதை அம்மா மனத்தில் வைத்திருந்தாள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியது.

அதற்காக மடியையும் முத்தத்தையும் அவசரமாக நிறுத்திவிட வேண்டாம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை நீண்ட கால்களை மடக்கிக்கொண்டு மடியில் ஏறினால், இடம் போதாவிட்டாலும் உட்காரட்டும்.

நிறையப் பாராட்டுவதும் அன்பு காட்டுவதுதானே?

பாராட்டு வேறு, பாசம் வேறு என்றே நான் நினைக்கிறேன். பாராட்டுக்கு ஒரு காரணம் வேண்டும். பாசத்துக்குக் காரணம் இருக்கக் கூடாது.

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட சோதனைகள் பெயர் பெற்றவை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள், சிலரிடம் ‘நன்றாக முயன்றாய்’ என்றார்கள். பிறகு கடினமான புதிர்கள் வந்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். அந்தப் பெயர் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களோ தொடர்ந்து போட்டுப் பார்த்தார்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மதிப்பெண் அதிகம் வாங்கிய அன்று மட்டும் கட்டி அணைத்தால் பிள்ளை ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். தோற்ற அன்று வீட்டுக்குள் வரவே தயங்கும். ஒன்றும் சாதிக்காத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் போகிற போக்கில் தலையைக் கோதிவிட்டுப் போங்கள். அந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது?

செல்லம் என்று நாம் சொல்வதில் பாதி நம் நேரத்துக்கு ஈடாகக் கொடுப்பது. பிள்ளைக்கு அது தெரியும். வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. வாங்கிய பொம்மையோடு பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து விளையாடவும் செய்யுங்கள்.

கண்டித்தால் அன்பு இல்லை என்று நினைத்துவிடுமே?

கண்டிப்பதால் நினைக்காது. கண்டித்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் பெற்றோர் பிள்ளைகளை நடத்தும் விதங்களை ஆராய்ந்தபோது, கனிவும் உறுதியும் சேர்ந்திருந்த வீடுகளில்தான் பிள்ளைகள் நன்றாக வளர்ந்ததைக் கண்டார். கனிவில்லாத கண்டிப்பும், கண்டிப்பே இல்லாத கனிவும் அந்தப் பலனைத் தரவில்லை. பிள்ளைக்கு எல்லைக்கோடும் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ‘இனி உன்னோடு பேச மாட்டேன்’, ‘இப்படிச் செய்தால் உன்னை எனக்குப் பிடிக்காது’ என்று பாசத்தையே தண்டனையாக்காதீர்கள். ஓர் அடி கொடுப்பதைவிட இது மேல் என்று பலர் நினைக்கிறார்கள். மேல் இல்லை. முகம் கொடுக்காத ஒரு மாலைப்பொழுது ஆறு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நீளம் என்று நமக்கு மறந்துவிடுகிறது.

கோபத்தில் வார்த்தை தடித்துப் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அப்போது முதலில் போய்ப் பேச வேண்டியவர் பெரியவர். ‘நான் கத்தியது தப்பு. ஆனால் நீ செய்ததும் சரியில்லை’ என்று சொல்லலாம், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. நான் முதல்முறை அப்படிச் சொன்னபோது என் மகன் திகைத்துப் போய், ‘பரவாயில்லை அம்மா’ என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

பதின்வயதில் கிட்டவே வர விடுவதில்லை. என்ன செய்வது?

நீண்ட பதில் வேண்டிய கேள்வி இது, ஏனென்றால் பெற்றோர் அதிகம் காயப்படுவதும், காயப்பட்டு ஒதுங்கிவிடுவதும் இங்கேதான்.

உடல் மாறுகிறது. அவர்களுக்கே அது புதிது, கூச்சம் வருகிறது. நண்பர்கள் முன்னால் சின்னப் பிள்ளையாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற தவிப்பும் சேர்ந்துகொள்கிறது. அதனால் பள்ளி வாசலில் முத்தம் வேண்டாம், செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். அவர்கள் தள்ளிவிடுவது பழைய வடிவத்தைத்தான். ‘சரி, இவனுக்கு இனி நான் தேவையில்லை’ என்று நாமும் ஒதுங்கினால், வேறு வடிவத்தில் தேடும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம்.

வேறு வடிவங்கள் என்னென்ன? கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பது அன்புதான். அவன் கேட்கும் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேட்பது, தேர்வுக்குப் படிக்கும் இரவில் ஒன்றும் பேசாமல் பக்கத்து அறையில் விளக்கைப் போட்டு வைத்திருப்பது, இவையும் அப்படித்தான். தோளில் ஒரு தட்டு, கடந்து போகையில் முதுகில் ஒரு கை, இவற்றைப் பெரும்பாலான பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். உள்ளூர விரும்பவும் செய்கிறார்கள்.

பேச்சைப் பொறுத்தவரை எனக்கு உதவியவை இரண்டு. எதிரெதிரே உட்கார்ந்து ‘சொல்லு, என்ன பிரச்சினை?’ என்று கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது தானாகப் பேசும். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே ஒரு விடுதலை. மற்றொன்று இரவு. பருவமடையும் வயதில் உடலின் தூக்க நேரம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது, தூக்கத்துக்கு உடலைத் தயாராக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகத்தான் சுரக்கிறது. நமக்குக் கண் சொக்கும் நேரத்தில் அவர்களுக்கு மனம் திறக்கிறது. பத்தரை மணிக்கு அறை வாசலில் வந்து நின்று ‘தூங்கிவிட்டாயா அம்மா?’ என்று கேட்டால் எவ்வளவு அசதியாக இருந்தாலும் இல்லை என்று சொல்லுங்கள்.

அப்போது அறிவுரையை அள்ளிக் கொட்டாதீர்கள், அடுத்த முறை வர மாட்டார்கள்.

மகள் பெரியவளானதும் தந்தை தொட்டுப் பேசுவதை நிறுத்திவிட வேண்டுமா?

பல தந்தைகள் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசிய அப்பா இன்று இரண்டடி தள்ளி நிற்பதை, தன்னிடம் ஏதோ குறை வந்துவிட்டதாகத்தான் அந்தப் பெண் புரிந்துகொள்வாள். எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்பதை அவளே காட்டட்டும். அவள் விலகினால் விடுங்கள், வந்து சாய்ந்தால் தள்ளாதீர்கள்.

இதையே எல்லா வயதுக்கும் சொல்வேன். உறவினருக்கு முத்தம் கொடு என்று மூன்று வயதுக் குழந்தையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ‘வேண்டாம்’ என்று சொல்லத் தன் வீட்டிலேயே இடமிருந்தால்தான் வெளியிலும் அதைச் சொல்லத் துணிவு வரும்.

எங்கள் பெற்றோர் எங்களைக் கொஞ்சியதே இல்லை. எங்களுக்கும் வரவில்லையே?

என் அப்பாவும் கொஞ்சியவர் இல்லை. அவர் என்னை அணைத்ததாக ஒரு நினைவுகூட எனக்கு இல்லை. நான் சைக்கிளில் கல்லூரிக்குப் போன மூன்று வருடங்களும் என் சைக்கிள் சக்கரத்தில் ஒரு நாளும் காற்று இறங்கியிருந்ததில்லை. அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. நல்ல சைக்கிள் என்று நினைத்திருந்தேன். எனக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: தினமும் நான் எழும் முன்பே அப்பா பம்பை எடுத்துப் போய், ஒவ்வொரு சக்கரத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றடித்து வைப்பாராம்.

அதைக் கேட்டு அழுதேன். பெருமையால் மட்டும் வந்த அழுகை இல்லை அது. அந்த மூன்று வருடங்களில் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நான் நம்பியிருந்தேன். ரொனால்ட் ரோனர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல நாடுகளின் பிள்ளைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: பெற்றோர் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதைவிட, தான் நேசிக்கப்படுவதாகப் பிள்ளை உணர்கிறதா என்பதுதான் அதன் மனநலத்தோடு நெருக்கமாகச் சேர்ந்து வருகிறது.

ஆகவே கட்டிப்பிடிக்க வரவில்லை என்றால் உங்களுக்கு வருவதைச் செய்யுங்கள், ஆனால் அது தெரியும்படி செய்யுங்கள். ‘உனக்காகக் காற்றடித்து வைத்திருக்கிறேன், பார்த்துப் போ’ என்று என் அப்பா ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். பிள்ளை உங்களைக் கேலி செய்யாது.

வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? நம் பேச்சில் அது ஒட்டவில்லையே.

அப்படியே சொல்வது ஒட்டாவிட்டால் ஒட்டுகிற மாதிரி சொல்லலாம். ‘நீ வந்த பிறகுதான் வீடு வீடாக இருக்கிறது.’ ‘இன்று முழுக்க உன் நினைப்பாகவே இருந்தேன்.’ ‘உன்னோடு பேசிக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியவில்லை.’ இவையெல்லாம் நாம் சொல்லக்கூடியவைதான். ‘சாப்பிட்டாயா?’ என்பதிலும் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அதை மட்டுமே இருபது வருடம் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை அதில் சாப்பாட்டைத்தான் கேட்கும்.

இரண்டு பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டுமா?

ஒரே மாதிரி வேண்டாம். என் மகளுக்குப் பேச்சு வேண்டும், மகனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். ஒப்பிட்டுப் பேசாமலிருந்தால் இந்த வித்தியாசத்தை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள்.

வளர்ந்து வெளியூர் போய்விட்ட பிள்ளையிடம் எப்படிக் காட்டுவது?

போனை எடுத்ததும் ‘ஏன் இத்தனை நாள் கூப்பிடவில்லை?’ என்று தொடங்காதீர்கள். கூப்பிட்டதற்கே தண்டனை கிடைத்தால் அடுத்த அழைப்பு இன்னும் தள்ளிப் போகும். ‘உன் குரலைக் கேட்டதே சந்தோஷம்’ என்று தொடங்குங்கள்.

அவர்களிடம் யோசனை கேளுங்கள். மகளிடம் ஒரு வங்கிப் படிவத்தைப் பற்றிக் கேட்டபோது, அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினாள். நான் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அதே தொனியில். இப்போதெல்லாம் அவள் தன் ஜன்னலில் வந்து உட்காரும் பூனையின் படத்தை எந்தச் செய்தியும் இல்லாமல் அனுப்புகிறாள். நானும் எங்கள் வாசல் செடியின் படத்தை அனுப்புகிறேன்.

பிள்ளைகள் திருப்பி அன்பு காட்டுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாம் எதிர்பார்க்கும் வடிவில் வராது, அதனால் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் மகன் விளையாடிவிட்டு மழையில் தொப்பலாக நனைந்து வந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். துண்டை எடுத்துக்கொண்டு வந்து, என் முன்னால் தரையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஒன்றும் சொல்லவில்லை. துண்டை மட்டும் தோளுக்கு மேலே பின்பக்கமாக நீட்டினான். நான்கு வருடங்களுக்குப் பிறகு அவன் தலையைத் துவட்டிவிட்டேன். முடி முன்னைவிடத் தடித்திருக்கிறது. காய்ந்த பிறகும் அவன் எழுந்து போகவில்லை.